நாளுக்குப் பதினான்கு நிமிடம்

சகாயநாதன் சீட்டுப் பணம் கட்டவில்லை.
பதிலுக்குக் கையிலிருந்து கழற்றித் தந்தான்:
பழைய எச்.எம்.டி., சாவி கொடுக்கிற ரகம்,
பதினேழு கல்,
கண்ணாடியில் ஆறுக்கும் ஏழுக்கும் நடுவே ஒரு கீறல்.
"ஓடும் அக்கா" என்றான்.
ஓடியது.
நாளுக்குப் பதினான்கு நிமிடம் கூடுதலாகவே ஓடியது.

குளிர்தான் என்றேன் முதலில்.
ஜனவரி உறைபனியில் கேரட் தோட்டமே கருகுகிறது,
இத்தனூண்டு சக்கரம் என்ன செய்யும் பாவம்.
கம்பளித் தொப்பிக்குள் சுற்றி
அடுப்பு மேடையில் படுக்கவைத்தேன்.
காலையில் அதே பதினான்கு.
குளிரில் எண்ணெய் இறுகினால்
மெதுவாகத்தானே போக வேண்டும், இது ஏன் பறக்கிறது
என்று அப்புறம்தான் எனக்கு உறைத்தது.

பிறகு ஒரு நோட்டுப் போட்டேன்.
முகம் மேலே ஓர் இரவு,
முகம் கவிழ்த்து ஓர் இரவு,
திருகு பக்கவாட்டில் ஓர் இரவு.
இலைக்கணக்கு எழுதிப் பழகிய கை,
கட்டம் போடாமல் இருக்காது.
எப்படிக் கிடத்தினாலும் வேகம்,
ஜுரக்காரன் நாடி மாதிரி.

கோத்தகிரி கடைவீதியில் நவ்ஷாத்
உடைந்த செல்போன் திரைகளை ஒதுக்கிவிட்டு
அதன் முதுகைத் திறந்தான்.
"ஹேர்ஸ்பிரிங் ஒட்டிக்கிச்சு.
சுத்தோட சுத்து ஒட்டினா நீளம் குறையும்,
நீளம் குறைஞ்சா ஆட்டம் அவசரப்படும்.
காந்தம் பட்டிருக்கு.
ஸ்பீக்கர் மேல வெக்கிறீங்களா?"
என் வீட்டில் சத்தம் போடுவது
தகரக் கூரை மட்டும்தான்.
நீலப் பெட்டி ஒன்றின் மேல் வைத்து, பொத்தானை அழுத்தி,
மெல்ல உயரே தூக்கினான்.
எண்பது ரூபாய்.

சனி, ஞாயிறு அரை நிமிடப் பிசகில்லை.
திங்கள் இரவு
பதினான்கு.

எதிர்வீட்டுப் பையனிடம்
பள்ளிக்கூடக் காந்த ஊசியை இரவல் வாங்கினேன்.
பேருந்தில் என் உள்ளங்கையில் அது
வளைவுக்கு வளைவு நிதானமாய் வடக்கைத் தேடிக்கொண்டது.
கொண்டை ஊசி வளைவுக்குக் கீழே எங்கள் இலை ஷெட்.
நாற்காலியில் சும்மா இருந்தது.
தகரக் கதவருகே லேசாய்த் தலையாட்டியது.
தராசுக்குப் பக்கத்தில்,
தினமும் இடது மணிக்கட்டை ஊன்றி நான் ரசீது எழுதும்
அந்த இரும்புச் சட்டத்தின் மேல்
ஒரு சுழல் சுழன்று
வடக்கைக் கைவிட்டுத்
தட்டைப் பார்த்து நின்றுவிட்டது.

குனிந்தேன்.
கறுப்பு டேப் சுற்றிய கட்டி ஒன்று,
துணி சோப்பு அளவு.
இருபது கிலோ எடைக்கல்லைத் தூக்கி வைத்தேன்.
சிவப்பு எண்கள் கொஞ்சம் யோசித்துவிட்டு
பத்தொன்பது என்றன்.

மாதி அக்கா சொல்வாள்,
"வீட்ல முப்பது இருந்துச்சு,
வர்ற வழியில வெயில் குடிச்சிருக்கும்."
மழையன்றும் அதையேதான் சொல்வாள்.
நான் இருபத்தெட்டரை என்று எழுதிக்
கிழித்துக் கொடுப்பேன்.
எல்லா ரசீதிலும் என் கையெழுத்து,
சுழிகூடத் தப்பாது.

நவ்ஷாத்திடம் போகவில்லை.
அன்றிரவு நோட்டில் புதிதாய்க் கட்டம் போட்டேன்:
பெயர், எழுதிய எடை, இருந்திருக்கக்கூடிய எடை.
மூன்றாவது கட்டத்துக்கு நான் யாரைக் கேட்பது.
பென்சில் மூக்கு உடையும்வரை
பெயர்களை மட்டும் எழுதினேன்.

காலையில் ஷெட் வாசலில்
முதல் மூட்டையோடு மாதி அக்கா,
தலைத்துணியில் பனி சொட்டச் சொட்ட.
மூட்டையை வாங்காமல்
எடைக்கல்லைத் தட்டில் வைத்தேன்.
"முதல்ல இதைப் பாருங்க."

என் கடிகாரத்தில் எட்டு.
ஷெட்காரரின் ஜீப் எட்டுக்குத்தான் வரும்.
இன்னும் பதினான்கு நிமிடம் இருக்கிறது.